மாமரம் எந்தப் பேயி

மரவள்ளிக் கிழங்கென்று யாராவது வாயெடுத்தால் இன்றைக்கும் முகம் சுளிப்பவர்கள் நம் வயதுக்காரர்கள். யுத்தத்தில் அரிசிக் கப்பல் நின்ற பிறகு காலையில் மரவள்ளி, மத்தியானம் சோளம், ராத்திரி மறுபடியும் மரவள்ளி என்று தின்று வளர்ந்த நாக்கு இது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதையே வறுத்து உப்புத் தூவி ஆசையாகத் தின்பதைப் பார்த்தால் எனக்கு எழுந்து போய்விடத் தோன்றும். அந்த யுத்தம் முடியப்போகிற சமயத்தில், புயல் அடித்து ஓய்ந்த கையோடு, தீவு முழுக்கப் பிள்ளைகளுக்கு இளம்பிள்ளைவாதம் பரவியது உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடங்களை மூடினார்கள். சினிமாக் கொட்டகைக்குள் பிள்ளைகளை விடவில்லை. எங்கள் ஊர் சேன் பியேர். வீட்டைச் சுற்றிக் கரும்பு, கரும்பைத் தாண்டினால் மலை. மூடிக்கிடந்த பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக எங்கள் வீட்டு முற்றத்தில் அக்கா ஒரு பள்ளிக்கூடம் நடத்தினாள். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அக்காவுக்கு அப்போது பதினேழு வயது இருக்கும். எனக்கு ஒன்பது, தம்பிக்கு ஐந்து. அப்பா ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார், உயரமான கிரியோல் இனத்து மனிதர், ஒருநாள் டிக்கெட் ஜன்னலில் குனிந்து அப்பாவிடம், "உங்கள் பெரிய பெண்ணை எனக்குக் கொடுங்கள், பள்ளிக்கூடம் திறந்ததும் சின்ன வகுப்புக்கு ஆசிரியையாக எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கரும்புக்காட்டுக் கூலிக்கென்று கப்பலில் வந்தவர்களின் பேத்தி, வகுப்பில் நாற்காலி போட்டு உட்காரப்போகிறாள். எங்கள் தெருவில் அதுவரை யாருக்கும் அப்படி ஒன்று வாய்த்ததில்லை. அப்பா அந்தச் செய்தியை ஒரு வாரம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அக்கா தன் கான்வாஸ் சப்பாத்துக்குச் சுண்ணாம்பு பூசி வெயிலில் வைத்தாள், எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பழக ஆரம்பித்தாள்.

புத்தகம் கிடையாது. இருந்தது ஒரு கப்பல் கம்பெனியின் பழைய காலண்டர். தாள்களெல்லாம் போய், மேலே அட்டையில் அச்சடித்திருந்த உலகப்படம் மட்டும் மிஞ்சியது. அதை அடுக்களைக் கதவில் ஆணியடித்து மாட்டியிருந்தோம். புகைபட்டுக் கடலெல்லாம் தேநீர் நிறமாகியிருந்தது. பர்மா இருந்த இடத்தில் கரையான் ஓட்டை போட்டுவிட்டது. அரிசி பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது என்று அக்கா சொன்னதும் தம்பி அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்து, "கரையான் தின்னுடுச்சு, அதான் வரல" என்றான். எங்கள் வீட்டில் எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தது அநேகமாக அதுதான் கடைசி.

அந்தப் படம் எப்போது காணாமல் போனதென்று எனக்குத் தெரியாது. வீடு மாற்றிப் போனபோது கதவோடு விட்டுவிட்டோமோ என்னவோ. போகட்டும்.

அக்காவின் பாடம் படத்தில் ஆரம்பித்து முற்றத்தில் முடியும். பள்ளியில் படித்த காலத்தில் பாம்ப்ளெமூஸ் தாவரத் தோட்டத்துக்கு ஒருமுறை கூட்டிப்போயிருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் குளத்துத் தாமரை இலையைப் பார்த்து வாய்பிளந்து நின்றபோது இவள் மரங்களில் தொங்கிய தகடுகளை வாசித்துக்கொண்டே நடந்திருக்கிறாள். எந்த மரம் எங்கிருந்து வந்தது என்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எங்கள் முற்றத்தில் சொந்த ஊர்க்காரன் என்று ஒன்றுகூட இல்லை என்று அவள்தான் சொன்னாள். மா இந்தியாவிலிருந்து. லிச்சி சீனாவிலிருந்து. வேலியோரக் கற்றாழை மெக்சிக்கோவிலிருந்து. நாம் சீனக் கொய்யா என்று சொல்கிற சிவப்புக் கொய்யாவுக்கும் சீனாவுக்கும் சம்பந்தமே இல்லை, அது பிரேசிலிலிருந்து வந்தது. "பேரை நம்பாதீங்க" என்பாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் வீட்டில் பேசியது தீவின் பொதுப் பேச்சான கிரியோல்தான். இங்கே நான் எழுதுகிற தமிழ் பின்னால் மாலை வகுப்பில் உட்கார்ந்து கற்றது. ஆனால் அப்பாவுக்கு ஓர் ஆசை, பிள்ளைகள் வாயில் தமிழ் கொஞ்சமாவது இருக்க வேண்டுமென்று. அதனால் அக்கா தெரிந்த தமிழைக் கோத்துப் பாடம் நடத்துவாள். தெரியாத இடத்தில் கிரியோல் சொல்லைச் செருகிக்கொள்வாள். 'நாடு' என்ற சொல் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கிரியோலில் நாட்டுக்குப் 'பேயி' என்பார்கள். ஆகவே அக்கா கேட்பாள்: "மாமரம் எந்தப் பேயி?" நாங்கள் கத்துவோம்: "இந்தியா!" "லிச்சி எந்தப் பேயி?" "சீனா!" மனப்பாடம் ஆகட்டும் என்று அதற்கு ஒரு மெட்டும் போட்டாள். எங்களுக்குத் தெரிந்த தமிழ் மெட்டு காவடிப் பாட்டு மெட்டு ஒன்றுதான். அதிலேயே பாடினோம். வேகமாகப் பாடும்போது கடைசி எழுத்து தேய்ந்துபோகும்.

மரங்களோடு நிற்கவில்லை அவள். கரும்பு வந்ததும் கப்பலில்தான். கரும்புக் கரணையோடு ஒட்டிக்கொண்டு ஒரு வண்டும் வந்து வேரைத் தின்றது. வண்டைத் தின்னட்டும் என்று ஆப்பிரிக்காவிலிருந்து தேரையைக் கொண்டுவந்து விட்டார்கள். எலியும் கப்பலேறி வந்தது, எலியைப் பிடிக்க இந்தியாவிலிருந்து கீரி. கீரி எலியைப் பிடித்ததோ இல்லையோ, எங்கள் கோழிக்குஞ்சுகளை ஒழுங்காகப் பிடித்தது. வெட்டுக்கிளிக்கென்று கொண்டுவந்த மைனா, வெட்டுக்கிளி தீர்ந்தபிறகு எங்கள் கொய்யாவில் உட்கார்ந்துகொண்டது. இதையெல்லாம் வாயால் சொன்னால் பிள்ளைகளுக்கு ஏறாது என்று அக்கா கற்றாழை நாரைத் திரித்து நூலாக்கினாள். எது எதைத் தின்கிறதோ அந்த இரண்டுக்கும் நடுவே வெள்ளை நூல். கப்பலில் வந்தது எதுவோ அதற்கு மஞ்சளில் நனைத்த நூல். மரங்களுக்கு அடியில் சுற்றிக் கட்டினாள். தேரைக்கும் எலிக்கும் கட்ட முடியாதல்லவா, அவற்றுக்குப் பதில் நாங்கள் நின்றோம். நான் கீரி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எலியும் தேரையும் வண்டும். தம்பி கோழியாகத்தான் இருப்பேன் என்று அடம்பிடித்தான். எங்கள் எல்லாருக்கும் மணிக்கட்டில் நூல். கோழிக்குக் காலில்தானே கட்டுவார்கள் என்று அவன் இடதுகாலை நீட்டினான். அக்கா சிரித்துக்கொண்டே கணுக்காலில் கட்டிவிட்டாள்.

பிறகு ஒருவரை மெதுவாக இழுக்கச் சொல்வாள். தேரையை இழுத்தால் கரும்பு அசையும், கீரியை இழுத்தால் எலி தள்ளாடும், கோழி தொபுக்கென்று உட்காரும். "ஒன்னைத் தொட்டா எல்லாத்துக்கும் தெரியுது பார்" என்பாள் அக்கா. அவள் கண்ணில் அப்போது இருந்த வெளிச்சத்தை நான் வேறு எந்த வாத்தியாரிடமும் பார்த்ததில்லை, அதற்குப் பிறகு எத்தனையோ வாத்தியார்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர்ச் சின்னக் கோயிலுக்கு ஒரு பூசாரி இருந்தார். யுத்தத்துக்குச் சற்று முன்பு தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். கிரியோல் அவருக்கு வராது, வரவேண்டிய அவசியமும் இல்லை. நாங்கள்தான் அவர் முன் நின்று உள்ள தமிழைத் தேடிப் பொறுக்கிப் பேசுவோம். நல்ல மனிதர். காலையில் எங்கள் வேலிச் செம்பருத்தியில் பூப் பறித்துப்போவார். ஒருநாள் வேலிக்கு அந்தப்பக்கம் அவர் கூடையோடு நின்றதை நான் பார்த்தேன். நாங்கள் பாடிக்கொண்டிருந்தோம். அவர் மரங்களைப் பார்த்தார், மஞ்சள் நூலைப் பார்த்தார், எங்கள் கைகளைப் பார்த்தார். பூப் பறிக்காமல் திரும்பிப் போனார்.

சில நாள் கழித்துத் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கி அவனைத் தூக்கி நிறுத்தியபோது இடதுகால் தரையில் நிற்கவில்லை, துணிபோல் மடங்கியது. அம்மா நிறுத்தினாள், மடங்கியது. மறுபடி நிறுத்தினாள். அப்பா அவள் கையைப் பிடித்து, "போதும்" என்றார்.

டாக்டர் வந்து காலைப் பலகை வைத்துக் கட்டினார். மருந்து கிடையாதா என்று அப்பா கேட்டதற்கு இதற்கு மருந்து இல்லை, காலம்தான் என்றார். போகும்போது கைகழுவத் தண்ணீர் கேட்டார். அம்மாதான் ஊற்றினாள். ஏதாவது சொல்வாரென்று அவர் முகத்தையே பார்த்து ஊற்றியதில் தண்ணீர் அவர் சட்டையெல்லாம் கொட்டியது.

மறுநாள் பூசாரி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அம்மா, நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். உங்க பெரிய பொண்ணு மரத்துக்கு மரம் மஞ்சக்கயிறு கட்டி, எந்தப் பேய், எந்தப் பேய்னு சாமி மெட்டுல கூப்பிடுறா. பிள்ளைங்களும் பேர் சொல்லிக் கூப்பிடுதுங்க. நோய் ஊர் சுத்துற நேரத்துல இது விளையாட்டா? அந்தப் பையன் காலுக்கும் கட்டியிருந்துதே."

அப்பாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. தமக்குத் தெரிந்த தமிழில், "இல்ல சாமி, பேயி... பேயி வந்து..." என்று ஆரம்பித்தார். அதற்குத் தமிழில் என்ன சொல்வதென்று தெரியாமல் கையை விரித்து வானத்தையும் பூமியையும் காட்டினார். பூசாரிக்கு அது இன்னும் பயமாக இருந்திருக்கும். காலில் கட்டிய நூல் என்ற பேச்சு வந்ததும் அப்பாவும் அடங்கிவிட்டார். 'நாடு' என்ற அந்த ஒரு சொல் எங்கள் வீட்டில் இருந்திருந்தால் என்று நான் நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

சாயந்தரத்துக்குள் தெரு முழுக்கப் பரவியது. நீங்கள் கேட்கலாம், தெருவில் எல்லாருக்கும் கிரியோல் தெரியுமே, பேயி என்றால் என்னவென்று தெரியாதா என்று. தெரியும். ஆனால் நமக்கெல்லாம் தமிழ் என்றால் அது கோயில். திருநீறு பூசும்போதும் தீ மிதிக்கும்போதும் காதில் விழுகிற பேச்சு. கடையில் சொன்னால் அது வெறும் நாடு. பூசாரி வாயால் தமிழில் சொன்னால் அதற்கு ஒரு வலு வந்துவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் கைநூலை அவர்களுடைய அம்மாமார் அன்றைக்கே அறுத்து அடுப்பில் போட்டார்கள்.

அப்பா வீடுவீடாகப் போய் விளக்கிவிட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டினார். அம்மா அடுக்களை வாசலில் குறுக்கே நின்றாள். நானும் அக்காவும் உள்ளே மரவள்ளி சீவிக்கொண்டிருந்தோம்.

"போகாதீங்க."

"பேயின்னா என்னன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். சந்தையில தினமும் பேசுற பேச்சு, எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் என்ன?"

"டாக்டர் மருந்து இல்லைன்னு சொல்லிட்டாரு. பூசாரி ஓட்டலாம்னு சொல்றாரு. அது பேயாவே இருந்துட்டுப் போகட்டும். பேய்னா ஓட்டலாம்." 

வெகுகாலம் அம்மாவை விவரம் தெரியாதவள் என்றே நான் நினைத்திருந்தேன். அந்தப் பேச்சைக் காதால் கேட்டும் அப்படித்தான் நினைத்தேன். ஒன்பது வயதுக்கு அவ்வளவுதான் எட்டும். நானே பிள்ளை பெற்று, அது ஒரு ராத்திரி மூச்சுக்குத் திணறியபோதுதான் அம்மா எந்த இடத்தில் நின்றாள் என்று புரிந்தது.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "நான் செய்றேன்மா" என்றாள். "என்ன செய்யணும்னு கேட்டுட்டு வாங்க." அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாளா, அம்மாவுக்காகச் சொன்னாளா, எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியம் எனக்கு ஒருபோதும் வந்ததில்லை.

கூப்பிட்டவளே அனுப்பவேண்டும் என்றார் பூசாரி. வெள்ளிக்கிழமை காலையில் அக்கா தலைக்குக் குளித்து ஈரத்துணியோடு முற்றத்தில் இறங்கினாள். தெருவே வேலியோரம் நின்றது. பூசாரி வேப்பிலையோடு பின்னால் நடந்தார். ஒவ்வொரு மரத்துக்கும் நூலை அவிழ்த்து, அதன் பேரைச் சொல்லி, போகச் சொல்ல வேண்டும். அக்கா மாமரத்தடியில் குனிந்தாள். "மாமரத்துப் பேய், இந்தியாவுக்குப் போ" என்றாள். லிச்சியிடம் வந்தாள். "சீனாவுக்குப் போ." கற்றாழையை மெக்சிக்கோவுக்கு அனுப்பினாள். ஒவ்வொரு பேருக்கும் வேலியோரத்துப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சிவப்புக் கொய்யாவிடம் வந்தபோது கூட்டத்திலிருந்து யாரோ மெதுவாக, "சீனா" என்று எடுத்துக்கொடுத்தார்கள். அக்கா நிமிர்ந்து பார்த்து, "இல்ல, பிரேசில்" என்றாள். அழுதுகொண்டிருந்தவள், அதை மட்டும் விடவில்லை.

பிறகு கோயிலில் அம்மன் முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம். பூசாரி சொல்லச் சொல்ல அக்கா திருப்பிச் சொன்னாள்: தம்பி எழுந்து நடக்கிறவரைக்கும் எந்தப் பிள்ளைக்கும் எந்தப் பாடமும் சொல்லித் தரமாட்டேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா கற்பூரத்தையே பார்த்தாள். பிள்ளை சீக்கிரமே நடந்துவிடுவான், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே நடந்துவிடுவான் என்று அவள் நம்பினாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெரிய மகளின் வேலையைப் பறிக்க நினைத்த தாய் அல்ல அவள்.

அன்றுமுதல் காலையும் மாலையும் அம்மா சூடான எண்ணெய் தேய்த்தாள். வீடெல்லாம் விளக்கெண்ணெய் வாடை. கட்டைப் பிரித்த பிறகு தம்பி சுவரைப் பிடித்து நின்றான். பிறகு சுவரோடு நகர்ந்தான். இடதுகாலைத் தொடைக்கு மேலே கையால் அழுத்திப் பிடித்து, முன்னால் தள்ளி, அதன்மேல் சாய்ந்து, வலதுகாலை எடுத்து வைக்க அவனாகவே கற்றுக்கொண்டான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மரவள்ளித் தட்டை வாங்க அடுக்களைக்கு அப்படித்தான் வருவான். வந்து சேர்ந்ததும் சுற்றிப் பார்த்துச் சிரிப்பான்.

பள்ளிக்கூடம் திறக்கப்போகிறார்கள் என்ற செய்தியோடு பெரிய வாத்தியார் சைக்கிளில் வந்தார். எங்கள் முன்னறையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த திங்கள் முதல் வரட்டும் என்றார். அக்கா கதவருகில் நின்றாள்.

"என்னால் முடியாது மிஸ்யே" என்றாள் கிரியோலில். "கோயிலில் சத்தியம் பண்ணியிருக்கிறேன்."

அப்பா விஷயத்தைச் சொன்னார். வாத்தியார் சிரிக்கவில்லை, அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை. நெடுநேரம் தொப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு, "பையன் நடக்கிறவரைக்கும் என்றுதானே சத்தியம்?" என்று கேட்டார்.

நாங்கள் பேசுவது தம்பிக்குப் புரியாது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவன் பின்னறைக் கதவைப் பிடித்து நின்றவன், கதவை விட்டான். தொடையை அழுத்திப் பிடித்தான். அறையின் நடுவே பிடிக்கச் சுவர் இல்லை. ஒருமுறை சாய்ந்து விழப்பார்த்தான். அக்கா கையை நீட்டினாள், அவன் அந்தக் கையைத் தட்டிவிட்டான். வாத்தியாருடைய முழங்கால்வரை வந்து அதைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். திரும்பி அம்மாவைப் பார்த்தான்.

"இதோ நடக்கிறானே, அம்மா" என்றார் வாத்தியார். 

எல்லாரும் அம்மாவைப் பார்த்தோம். ஆமாம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். திங்கட்கிழமை அக்கா போய்விடலாம். அம்மா தம்பியின் காலைப் பார்த்தாள். ஆமாம் என்றால் அவ்வளவுதான், அந்தக் கால் இனி இப்படித்தான் என்று அவளும் ஒத்துக்கொண்டதாகிவிடும்.

"இது நடை இல்லீங்க" என்றாள். "இன்னும் நடக்கல. நடப்பான்."

வாத்தியார் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அக்கா எண்ணெய் சுடவைக்க உள்ளே போனாள். தம்பி நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றான்.

சின்ன வகுப்புக்கு வேறு ஊரிலிருந்து ஒரு பெண்ணை எடுத்தார்கள். அக்கா ரிவியேர் தே ஸாங்கீ என்ற ஊர்ச் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போய், கடையிலேயே காலம் கழித்தாள். தன் பிள்ளைகளுக்குக்கூட அவள் ஒரு பாடம் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. தம்பி வளர்ந்து போர்ட் லூயியில் தையல்கடை வைத்தான். ரயில் நின்று பஸ் வந்தபிறகும் நிறுத்தத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறும் மேட்டைத் தினமும் காலால்தான் ஏறி வந்தான், கல்யாணம் செய்துகொண்டான், அம்மாவின் பாடையையும் ஒரு பக்கம் தோள்கொடுத்துத் தூக்கினான். ஆனால் அம்மா இருந்தவரை எங்கள் வீட்டில் தம்பி வருவான், தம்பி போவான். தம்பி நடந்தான் என்று ஒருவரும் சொன்னதில்லை.